ஐயர் மாறினால் தரிசனமும் மாறணுமா? – எங்கள் சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சபைப் போதகராகிய மதிப்பிற்குரிய ஐயரவர்களுக்கும், சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் பழைய கீர்த்தனைப் புத்தகங்களைத் தேடி கோயிலை ஒட்டின வெஸ்ட்ரி அறையில் இருக்கிற மர அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் ஒரு சாக்குப் பை. அவிழ்த்தால் நாலு கோடு நோட்டுகள், வாய்ப்பாடுகள், பாதி தேய்ந்த சாக்பீஸ்கள், ஒரு வருகைப் பதிவேடு. பதிவேட்டில் 23 பிள்ளைகளின் பெயர்கள், என் கையெழுத்தில். செங்கல் சூளையில் நாம் நடத்தின மாலை டியூஷன் பிள்ளைகள். கடைசியாக வருகை குறித்திருந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முந்தைய ஐயரவர்களுக்கு வழியனுப்புக் கூட்டம் வைத்தோம்.

டியூஷனை நிறுத்தச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை. புது ஐயரவர்கள் வரட்டும், என்ன சொல்கிறார்களோ பார்த்துக்கொண்டு போகலாம் என்று நானும் கூட வந்த இரண்டு தங்கச்சிமாரும் இருந்துவிட்டோம். புது ஐயரவர்களிடம் இப்படி ஒன்று நடந்தது என்றே யாரும் சொல்லவில்லை. ஆகையால் அவர்கள்மேல் குற்றமில்லை. போய்ச் சொல்லவேண்டியவள் நான். 31 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள், ஒரு வகுப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: “ஒங்க ஐயரு மாறிப் போயிட்டாவளாமே டீச்சர். நீங்க இங்கனதான இருக்கிய?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இந்த மடல்.

அடுத்த கூட்டத்தில் ‘நற்செய்திப் பணித் திட்டம்’ ஒன்றைத் தீர்மானமாகக் கொண்டுவரப்போகிறீர்கள் என்று அறிவிப்பு வாசித்தார்கள். பிரதி ஒன்று எனக்கும் கிடைத்தது. மூன்று பக்கத்தில், கர்த்தர் காட்டும் பணி என்ற பொருளில், ‘தரிசனம்’ என்ற வார்த்தை 14 இடத்தில் இருக்கிறது (திருத்திப் பழகின கை, எண்ணாமல் இருக்க முடியவில்லை). கோயில் வாசலில் ஃபிளெக்ஸும் வந்துவிட்டது. ஐயரவர்கள் படம், பொருளாளர் படம், செயலாளர் படம், நடுவில் ஒரு சூரிய உதயம். போகப்போகிற ஊரின் பெயரை மட்டும் அதில் காணோம்.

திட்டத்தில் நல்ல காரியங்கள் உண்டு. மருத்துவ முகாம் வேண்டும், வீடு சந்திப்பு வேண்டும். என் கவலை வேறு. இந்தத் தரிசனம் யாருடையது? முந்தைய ஐயரவர்களுக்குச் சூளைப் பிள்ளைகள்மேல் பாரம் இருந்தது. அதற்கு முந்தியவர்களுக்குத் தெருப் பிரசங்கம். அதற்கும் முந்தி ஒருவர் பனங்காட்டுக் குடியிருப்பில் தையல் பள்ளி வைத்தார்கள். அந்த மிஷின்களில் இரண்டு இன்னும் ஐயர் குடியிருக்கிற பார்சனேஜ் வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் உண்மையான பாரந்தான். ஒவ்வொன்றும் மாறுதல் ஆர்டரோடு லாரியில் ஏறிப் போய்விட்டது. சாமான்களோடு தரிசனத்தையும் ஏற்றி அனுப்பிவிட்டு, மாலையைப் போட்டுவிட்டு, நாம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் நமக்கெல்லாம் மனப்பாடம். துரோவா பட்டணத்தில் இராத்திரியில் பவுலுக்கு ஒரு தரிசனம். மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் வந்து நின்று உதவிசெய்ய வேண்டும் என்று கேட்கிறான். இதைச் சொல்லாத மிஷனரி ஞாயிறு பிரசங்கம் கிடையாது. ஆனால் எல்லாரும் 9ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் வசனத்தை ஒருதரம் மெதுவாக வாசித்துப் பாருங்கள். தரிசனத்தைக் கண்டது ‘அவன்’. கர்த்தர் அழைத்திருக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டது ‘நாங்கள்’. அதுவரை அவர்கள், அவர்கள் என்று எழுதிக்கொண்டு வந்த லூக்கா, அந்த இடத்தில்தான் முதல்முதலாக ‘நாங்கள்’ என்று எழுதத் தொடங்குகிறார். பவுலே ஆனாலும், கண்டதைக் கூட இருந்தவர்களிடம் சொல்லி, எல்லாருமாக நிச்சயித்துக்கொண்ட பிறகுதான் கப்பல் ஏறினது. நம்முடைய சேகரத்தில் அந்தப் பத்தாம் வசனத்துக்கு நேரம் ஒதுக்குவதே இல்லை. நேராகக் கப்பல்.

இது நம்மால் ஆகாத காரியம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். திருநெல்வேலி சபைகள் இதை ஒருதரம் செய்தே காட்டியிருக்கின்றன. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அப்போது அவர் ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் செயலாளர். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஊழியரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நாம் மட்டும் ஏன் இன்னும் வெள்ளைக்காரர் அனுப்பும் பணத்தையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தைத்தது. அதுவரைக்கும் அது ஒருவரின் தரிசனம். திரும்பி வந்த அவர் தனியாகப் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நாலு பேரிடம் பேசினார், நாற்பது பேரிடம் பேசினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது ஏற்பாடு. அசரியாவுக்கு அப்போது 28 வயது.

ஊழியத்துக்குத் தெரிந்துகொண்ட இடம் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். மொழி தெலுங்கு. இங்கிருந்து முதலில் போனவர் வேறொருவர். அசரியா குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தது 1909இல். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தரிசனத்தைக் கண்டவர் ஊரிலே இருக்கிறார், வேறொருவர் களத்தில் இருக்கிறார், வேலை நடக்கிறது! 1912இல் கல்கத்தாவில் அவரைப் பேராயராக அபிஷேகம் பண்ணினார்கள். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1945இல் காலமானார். சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

என் ஆச்சி தோர்ணக்கல்லைப் பார்த்ததில்லை. அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் வடக்கே என்று கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். பெயரையும் ‘தோரணக்கல்’ என்றுதான் சொல்வாள். ஆனாலும் உலை வைக்கிறபோது ஒரு பிடி அரிசியை அள்ளி அடுப்படி மூலையில் இருக்கிற சின்னக் கலயத்தில் போடாமல் அரிசி களைந்ததில்லை. மாசக் கடைசியில் அந்த அரிசி கோயிலுக்குப் போகும், ஏலம் போட்டுக் காசாகும். இராத்திரி ஜெபத்தில் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் முடிந்த பிறகு தோரணக்கல் வரும். எதற்கு ஆச்சி என்று கேட்டால், “நம்ம பிள்ளைய அங்க கெடக்காவல்லா” என்பாள். யாரும் அவளுக்குத் திட்டத்தின் பிரதி கொடுத்ததில்லை. நம் சபையில் இன்றைக்கு எத்தனை பேருக்குச் சூளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும்? அதை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

‘நாங்கள்’ இல்லாமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரமாகப் போகவேண்டாம். முந்தின வருஷம் கிறிஸ்மஸ் வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலனிக்குத் திங்கட்கிழமை பெண்கள் சங்கத்தார் கம்பளி கொண்டுபோனோம். புதன்கிழமை வாலிபர் சங்கத்தார் கம்பளி கொண்டுபோனார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேக்கும், யாரோ நன்கொடை கொடுத்த கம்பளியும் கொண்டுபோனார்கள். அதே முப்பது வீடுகள். பனங்காட்டுக் குடியிருப்புக்கு ஒரு கம்பளிகூடப் போகவில்லை. காலனியில் ஒரு பெரியவர் மூன்றையும் மடித்துத் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தார். “நம்ம ஊர்ல இம்புட்டுக் குளிரா தாயி?” என்று என்னிடம் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். முதியோர் பென்ஷன் மனு. யாரோ எழுதிக் கொடுத்ததில் பிறந்த வருஷம் ஆதாரில் இருப்பதோடு ஒத்துவரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வேண்டியிருந்தது தாலுகா ஆபீசுக்குக் கூட வருகிற ஒரு ஆள். நம் மூன்று சங்கத்திலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அன்றைக்கு மூன்று கூட்டமும் போட்டோ எடுத்துக்கொண்டது. கம்பளியை வாங்குகிறவர் கேமராவைப் பார்க்கும்வரை கொடுக்கிற கை அதை விடுவதில்லை. இதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதினால் கோபம் வரும்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் இதே அசரியா எழுந்து, மேல்நாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். நீங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதே அந்தப் பேச்சின் சாரம். வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். காலனித் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் இன்றைக்கு அது நமக்குத்தான் பொருந்துகிறது.

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். அது ஏன் அவ்வளவு லேசாக விழுந்தது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கமிட்டியில் அப்போது சிலர், “பிள்ளைகள் வரத்து குறைந்துபோச்சு, அவ்வளவு செலவு எதற்கு” என்றார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. அக்டோபரில் 19, நவம்பரில் 7. ஆனால் சூளை வேலை எப்படி என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. பச்சைக்கல், அதாவது சுடாத செங்கல், வெயிலில் காயவேண்டும். ஐப்பசி அடைமழை தொடங்கினால் கல் அறுக்க முடியாது. குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போய்விடும், பொங்கல் கழிந்துதான் திரும்பும். நவம்பரில் பிள்ளைகள் குறைந்தது நம் டியூஷன் பிடிக்காமல் இல்லை. ஊரிலேயே இல்லை. நாம் பள்ளிக்கூடக் காலண்டர்படி ஜூனில் தொடங்கி, அவர்கள் போகிற சமயத்தில் கணக்குப் பார்த்துத் தோல்வி என்று எழுதிவிட்டோம். தை பிறந்ததும் தொடங்கியிருந்தால் ஆறு மாதம் ஒரே மூச்சாகக் கிடைத்திருக்கும். திட்டம் போட்ட இரவில் அந்த ரேஷன் கடை அம்மா ஒரு பத்து நிமிஷம் கூட இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பாள். அவள் சொல்லி நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

இப்போது சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. தெரிந்தேதான் எழுதுகிறேன். காலனிக்குப் போன அன்று ஒரு வீட்டில் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள். எவர்சில்வர் டம்ளர்கள், துலக்கி வைத்தது பளபளவென்று இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். “இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்” என்று நாலு பேர் சொன்னார்கள். ஒருவரும் குடித்துவிட்டு வரவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே வேனில் வந்தவர்கள். அந்த வீட்டுப் பெண் ஒன்றும் சொல்லாமல் நாலு டம்ளரைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். இதைப் பற்றிப் பேசாமல் நாம் எத்தனை பக்கத் திட்டம் எழுதினாலும் அந்தத் தெருவில் அது எடுபடாது. தோர்ணக்கல்லில் சபைக்குள் வந்தவர்களில் பெரும்பகுதி தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா சாதி மக்கள். ஒரே பந்தியில் அவர்களை உட்காரவைப்பதே அங்கே பெரிய போராட்டமாக இருந்தது. நமக்கு இன்னும் அந்தப் போராட்டம் தொடங்கவேயில்லை. காப்பி வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், பிரசங்கமா, பள்ளிக்கூடமா என்கிற சண்டை. சண்டை என்று சொன்னால் தப்பு. சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஒரு சாரார் கைப்பிரதி கொடுத்துச் சுவிசேஷம் சொல்லாவிட்டால் அது ஊழியமே இல்லை என்று நினைக்கிறார்கள். இன்னொரு சாரார் சோறும் படிப்பும் கொடுத்தாலே போதும், வாயைத் திறக்கவேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேரும் கூட்டத்தில் ‘ஆமென்’ சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் தனித்தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. டியூஷனைத் தூண்டிலாக வைக்கக் கூடாது. நாம் யார், எந்தக் கோயிலிலிருந்து வருகிறோம் என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லவேண்டும். யாராவது நம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் வெட்கப்படாமல் பதில் சொல்லவேண்டும். கேட்காத பிள்ளைக்குக் கழித்தல் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரவேண்டும், அடுத்த நாளும் போகவேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் சபையில் உண்டு, அவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான். அவர்கள் கூட்டத்திலேயே எழுந்து சொல்லட்டும். இரவு பத்து மணியானாலும் உட்கார்ந்து கேட்க நான் தயார். ஒத்துக்கொள்ளாததை மூடிவைத்துப் போட்ட தீர்மானத்துக்குப் பேர்தான் ஏகமனதான தீர்மானம் என்றால், அது நமக்கு வேண்டாம்.

ஐயரவர்களே, நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இந்தத் திட்டத்தை அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றாமல் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த மாதத்தில் கமிட்டி அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு சாயங்காலமாவது சூளைக்கோ பனங்காட்டுக்கோ காலனிக்கோ வெறுங்கையோடு போகட்டும். ஒன்றும் கொண்டுபோகவேண்டாம், அதுதான் முக்கியம். கொண்டுபோனால் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். காப்பி கொடுத்தால் குடிக்கட்டும். வந்து என்ன கேட்டோம் என்று கமிட்டியில் சொல்லட்டும்.

மூன்று சங்கமும் ஒரே நோட்டில் தேதி எழுதினால் கம்பளி மூன்று தடவை போகாது. இதற்குத் தீர்மானம்கூட வேண்டாம், வெஸ்ட்ரி மேசைமேல் ஒரு நோட்டு போதும். பணத்தையும் விசேஷக் காணிக்கையை நம்பி வைக்காதீர்கள். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரைப் போட்டிக்கு ஏற்றி எந்த விலைக்கெல்லாம் எடுக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொகையில் ஒரு பங்கு வருஷாவருஷம் இந்த வேலைக்கு என்று பட்ஜெட்டில் ஒரு வரியாக நிற்கட்டும். கடைசியாக, தங்களிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். தங்களுக்கும் ஒரு நாள் மாறுதல் வரும். அன்றைக்கு வருகிற ஐயரவர்களோடு ஒரே ஒரு சாயங்காலம் தாங்கள் உட்கார்ந்து, எந்தத் தெருவில் எந்த வேலை பாதியில் நிற்கிறது, யார் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைக்க நமக்கு முறை இருக்கிறது. 23 பிள்ளைகளை ஒப்படைக்க முறை இல்லை.

இந்த மடலைத் தங்களுக்கு எதிராக யாராவது திருப்பினால் நம்பவேண்டாம். தங்கள் பிரசங்கத்தால் நான் ஆசீர்வதிக்கப்பட்டவள். ஃபிளெக்ஸைப் பற்றி எழுதினது பொருளாளருக்கு வருத்தமாக இருந்தால் மன்னிக்கவேண்டும். அவர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர், அந்த உரிமையில் எழுதினேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனைக்குப் பிறகு என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சூளையில் சம்பள நாள், வாங்கினதும் எல்லாரும் சந்தைக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வைத்தால் அந்த அம்மாவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கைப்பிள்ளை ஒன்று உண்டு, அதையும் தூக்கிக்கொண்டுதான் வருவாள். வெஸ்ட்ரியில் மின்விசிறி ஓடவில்லை, அதை மட்டும் கோயிலைப் பராமரிக்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லிச் சரிபண்ணி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினள்,
ஓய்வுபெற்ற ஆசிரியை